படைப் பதிவேடுகளும் நம் சபைப் பதிவேடும்

(ஆண்டு விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். "போரில் இறந்த தாத்தா, பூட்டன்மாரை இப்போது இணையத்திலேயே தேடலாமாமே, எப்படி என்று சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டார்கள். சொல்கிறேன்.

முதலில் வேதாகமத்தில் எண்ணாகமம் 1ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் வேகமாகத் தாண்டிப் போகிற அதிகாரங்களில் அதுவும் ஒன்று. அது ஒரு படைப் பதிவேடு. மோசேயும் ஆரோனும் கோத்திரம் கோத்திரமாக, தகப்பன் வீட்டின்படி, 20 வயதுக்கு மேற்பட்டு யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணினார்கள். கூட்டுத்தொகை 603,550. பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை. லேவியரும் இல்லை. அவர்களும் அதே வனாந்தரத்தில்தான் நடந்தார்கள், அதே மன்னாவைத்தான் பொறுக்கினார்கள். ஆனால் அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது யுத்தத்துக்காக. ஆகவே யுத்தத்துக்குப் போகிறவர்கள் மட்டும் அதில் ஏறினார்கள். கணினி முன் உட்கார்ந்து படைப் பதிவேட்டைத் திறக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. யாருக்காக எடுத்த பட்டியல், யாரை எண்ணுவதற்காக எடுத்தது என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும்.

நாம் தொடங்க வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். சுருக்கமாக சி.டபிள்யூ.ஜி.சி. 1917ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட நிறுவனம். பேபியன் வேர் என்பவர் அதற்குக் காரணமாக இருந்தார். இரண்டு உலகப் போர்களிலும் காமன்வெல்த் படைகளில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்களை அது காத்துவருகிறது. அதன் இணையதளத்தில் தேடுவதற்குக் காசு இல்லை, பதிவும் வேண்டாம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் சேர்க்கப்படுவார்கள். போர் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்த சிப்பாய்கூட இந்தத் தேதிகளுக்குள் இருந்தால் வரலாம். "எங்கள் தாத்தா சண்டையில் சாகவில்லை, வியாதியில்தான் போனார்" என்று தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இது இறந்தவர்களின் பட்டியல். போருக்குப் போய் உயிரோடு திரும்பி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்ன தாத்தா இதில் இருக்கமாட்டார். அவருடைய சேவைப் பதிவு அவர் இருந்த ரெஜிமென்டின் காகிதங்களோடு சேர்ந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமையிடம் நீலகிரி வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையின் தலைமையிடம் பெங்களூரிலும் இருக்கின்றன. அங்கே எழுதிக் கேட்பதென்றால் பெயர் மட்டும் போதாது, படை எண் வேண்டும். படை எண் எங்கே கிடைக்கும்? முதல் உலகப் போரின் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த ஓரத்தில் சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். அந்தப் பதக்கம் வெள்ளியில் செய்தது. அதனால் பல வீடுகளில் அது கொலுசாகவோ அரைஞாணாகவோ மாறியிருக்கும். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கூலிப் படைகளில் போனவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. வெண்கலம் உருக்கப்படாமல் தப்பியிருக்க அதிக வாய்ப்பு உண்டு. பழைய டிரங்குப் பெட்டிகளைக் கிளறிப் பாருங்கள்.

இனி பெயர். நம்மவர்களுக்குப் பெரிய தடை இதுதான். அந்தத் தளத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அங்கே தகப்பன் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. இந்தியச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் பெயர் கீழே, கூடுதல் தகவல் என்ற இடத்தில், "இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இன்ன ஊர்" என்று வரும். எல்லாருக்கும் வராது. முதல் போரில் இறந்த நம்மவர் பலருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும், வயதுகூட இருக்காது. இரண்டாம் போர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

அப்புறம் எழுத்துக்கூட்டல். ஆட்சேர்ப்பு மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். யேசுதாசன் என்ற பெயர் ஜே எழுத்திலும் இருக்கலாம், ஒய் எழுத்திலும் இருக்கலாம். தேவசகாயம் டி எழுத்தில் ஒருவருக்கு, டி-எச் எழுத்தில் இன்னொருவருக்கு; நடுவில் க வருகிற இடத்தில் ஜி-யும் இருக்கும், எச்-சும் இருக்கும். ஞானமுத்து ஜி-என் என்று தொடங்கலாம், வெறும் என் என்றும் தொடங்கலாம். மாசிலாமணி என்ற பெயரின் கடைசிப் பகுதியைப் பணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகவே எழுதிவைத்தவர்களும் உண்டு. தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஆகவே ஒரு தாளில் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் எழுதிக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைகளே, இது உங்களுக்கு நல்ல விளையாட்டு. யார் அதிக விதமாக எழுதுகிறார்கள் என்று வீட்டில் போட்டி வையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஞானஸ்நானம் பெறும் முன்பே படையில் சேர்ந்தவர் பழைய பெயரிலேயே பதிவாகியிருப்பார். வீட்டில் சாமுவேல் தாத்தா, படையில் சுடலைமுத்து. இரண்டு பெயரையும் தெரிந்தவர் யாராவது ஒருவர் குடும்பத்தில் இருப்பார். அவரைக் கேளுங்கள்.

பெயர் பிடிபடவில்லை என்றால் ஊரைப் பிடியுங்கள். கூடுதல் தகவல் கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் இன்றைய எழுத்துக்கூட்டல் உதவாது. வெள்ளைக்காரர் காலத்து எழுத்துக்கூட்டல் வேண்டும். திருநெல்வேலி அன்றைக்கு டின்னவெல்லி. பாளையங்கோட்டை பாலம்கோட்டா. தூத்துக்குடி டூட்டிகோரின், திருச்சி ட்ரிச்சினாபொலி, தஞ்சாவூர் டாஞ்சூர், செங்கல்பட்டு சிங்கில்புட். நாகர்கோவில்காரர்கள் மெட்ராஸ் மாகாணத்தில் தேடக் கூடாது. அது அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். நாசரேத் என்று போட்டால் நம் நாசரேத்தும் வரும், உலகத்தில் உள்ள மற்ற நாசரேத்துகளும் வரும்.

எந்த நாட்டில் இறந்தார் என்பதையும் நீங்களாக முடிவு செய்துகொண்டு தேடாதீர்கள். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் சரணடைந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் பலரை ஜப்பானியர் கப்பலில் ஏற்றி நியூ கினிப் பக்கம் கொண்டுபோனார்கள். இன்று பாப்புவா நியூ கினியில் லே என்ற ஊரில் உள்ள போர்க் கல்லறையில் அவர்கள் படுத்திருக்கிறார்கள். மலாயாவில் காணாமல் போனவர் என்று மலாயாவில் மட்டும் தேடினால் அவர் கிடைக்கமாட்டார். அதேபோல் கல்லறை இல்லாதவர்களின் பெயர் நினைவுச் சுவர்களில் இருக்கும். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள சுவர்களில் 24,000 பேருக்கு மேல். மியன்மாரில் தாவ்க்யான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் ஏறக்குறைய 27,000 பேர். நமக்குப் பக்கத்தில் தைப்பிங் போர்க் கல்லறையில் 850க்கு மேற்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்; அவர்களில் 500க்கு மேற்பட்டவர்கள் யார் என்றே அடையாளம் தெரியாது. பள்ளி விடுமுறையில் தைப்பிங் ஏரிக்குப் போகிற குடும்பங்கள் அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கைப்பேசியில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், இறந்த தேதி இவற்றில் குறைந்தது இரண்டாவது நம் வீட்டுச் செய்தியோடு பொருந்த வேண்டும். பொருந்தாத பட்சத்தில் அவர் இன்னொருவருடைய தாத்தா. அவருக்காகவும் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

பதவி என்ன என்று பார்க்கும்போது சில வீடுகளில் முகம் சுண்டும். சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று இருந்தால் பெருமை. சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், ஆஸ்பத்திரி வார்டு வேலையாள், துப்புரவாளர் என்று இருந்தால் மறைக்கப் பார்க்கிறோம். அவர்களும் அதே குண்டு விழுந்த இடத்தில்தான் இருந்தார்கள். ஆணையத்தின் பட்டியலிலும் அவர்கள் வருகிறார்கள். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இந்தியப் படையில் சேரும்போது சாதியையும் எழுதினார்கள். ரெஜிமென்டிலிருந்து பழைய காகிதம் வந்தால் வீட்டில் பேசாத விஷயம் அதில் இருக்கலாம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசிவிடுவது நல்லது. மறைப்பது நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம். கிறிஸ்துவுக்குள் வந்த நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும், எதற்கு வெட்கப்படக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

ஆணையத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும், அதை அவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பதவி, இனம், மதம் எதையும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பதுதான் தொடக்கத்திலிருந்தே அவர்களுடைய கொள்கை. ஐரோப்பாவில் அப்படித்தான் செய்தார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் அப்படிச் செய்யவில்லை. ஈராக்கில் பாஸ்ரா நினைவகத்தைக் கட்டி 1929இல் திறந்தபோது அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களை இன்ன ரெஜிமென்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டும் வெட்டினார்கள். மெசபொடேமியாவுக்குப் போன மெட்ராஸ்காரர்களும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். நல்ல வேளையாகப் பெயர்கள் ஏட்டில் இருந்தன; ஆகவே இன்று இணையத்தில் தேடினால் வருகிறார்கள். 2021 ஏப்ரலில் ஆணையம் ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், எகிப்தியர், இந்தியர். தேடிக் கிடைக்காததும் உங்கள் தேடலில் ஒரு செய்திதான். வீட்டில் சொன்னது பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இப்போது நம் மலேசியத் தமிழ் வீடுகளுக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் "உங்கள் குடும்பத்தில் போரில் இறந்தவர் யார்" என்று கேட்டால், பதில் சொல்கிறவர்களில் பாதிப் பேராவது "சயாமுக்குப் போனவர்" என்றுதான் தொடங்குவீர்கள். சிப்பாயாகப் போனவர் என்று சொல்கிறவர்கள் குறைவு.

சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. அதைப் போடுவதில் சுமார் 13,000 போர்க் கைதிகள் இறந்தார்கள். அவர்களைத் தேடிப் பாருங்கள்: பெயர், எண், ரெஜிமென்ட், தேதி, கல்லறை வரிசை எல்லாம் வரும். கைதிகளுக்குள் இருந்த அதிகாரிகள் காவலாளிக்குத் தெரியாமல் கணக்கு வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் பாதை நெடுகக் குழு போய், காட்டில் புதைத்தவர்களை எடுத்துவந்து காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் என்ற 3 கல்லறைத் தோட்டங்களில் சேர்த்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் 5,000க்கு மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, இன்றும் அழகாகப் பராமரிக்கிறார்கள். அது நியாயமே.

அதே பாதையில் இறந்த தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 பேர் வரை என்று அதே ஆணையம் கணக்குச் சொல்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். 3 மாத வேலை என்றார்கள். காலையில் பெரட்டுக்கு நின்றவர்கள் மத்தியானம் லாரியில் இருந்தார்கள். அவர்கள் எந்தப் படையிலும் இல்லை, எண் இல்லை, சீருடை இல்லை. காலராவில் விழுந்தபோது பெயரைக் குறித்துவைக்க அதிகாரியும் இல்லை. இணையத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் இவர்கள் வரமாட்டார்கள். பட்டியல் படைக்காக எடுத்தது, இவர்கள் தொழிலாளிகள். எண்ணாகமத்தைப் பற்றி முதலில் சொன்னேனே, அது இங்கே வந்து நிற்கிறது.

நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளும் ஆணையத்தின் பட்டியலுக்கு வெளியேதான். அது காமன்வெல்த் படைக்கு எதிரே நின்ற படை. அவர்களுக்கு இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் என்ற தளத்தில் தேடலாம். அது கோப்புகளின் தளம், பெயர்ப் பட்டியல் அல்ல. பொறுமை வேண்டும்.

அப்படியானால் சயாமுக்குப் போனவரை எங்கே தேடுவது? நம் சபை அலமாரியில் தேடலாம்.

படை வைத்திருந்த ஏடு ஒருவகை, சபை வைத்திருக்கிற ஏடு இன்னொருவகை. ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயர், தாய் பெயர், தகப்பன் தொழில், தோட்டத்தின் பெயர் எல்லாம் இருக்கிறது. 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும். பிறகு 1942, 43க்கு மேல் ஒன்றும் இருக்காது. போருக்குப் பின் அதே தாயின் பெயர் திருமணப் பதிவேட்டில் விதவை என்று வரும், அல்லது மூத்த மகனின் திருமணப் பதிவில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் காலஞ்சென்றவர் என்று வரும். அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தத் தகப்பனுக்கு அடக்கம் நடந்ததாக எழுத்து இருக்காது. இந்த 3 ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவருடைய இடம் தெரியும். அது முழுச் சான்றல்ல. அந்த வருடங்களில் பசியாலும் வியாதியாலும் தோட்டத்திலேயே இறந்தவர்கள் உண்டு. ஆனால் பாட்டி சொன்ன கதையும் இந்த இடைவெளியும் ஒத்துப்போனால் அதை நம்பி எழுதலாம். சில தோட்டங்களில் கிராணிமார் வைத்திருந்த பழைய செக்ரோல் புத்தகம் யாராவது வீட்டில் தப்பியிருக்கும். அது கிடைத்தால் அவர் கடைசியாகப் பேர் போட்ட நாள்கூடத் தெரிந்துவிடும்.

எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் உண்டு. சிறையிருப்பிலிருந்து திரும்பிய சில ஆசாரியக் குடும்பங்கள் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடினார்கள், காணவில்லை. காணாததால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். அட்டவணையில் இல்லாத அந்தக் குடும்பங்களின் பெயர்களை எஸ்றாவின் புத்தகம் அப்படியே எழுதிவைத்திருக்கிறது. அதனால்தான் நமக்கு அவர்களைத் தெரிகிறது.

நாமும் அதைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். போதகர் ஐயாவின் அனுமதியோடு பின் அறையில் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்தப் பட்டியலிலும் இல்லாத நம்மவர்களுக்காக அது. ஒரு பக்கத்துக்கு ஒருவர். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன வருடம், கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்து சொன்னவர் யார், இதை இப்போது சொல்கிறவர் யார். கடைசிக் கேள்விக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். நாளைக்கு வேறொருவர் ஒத்துப்பார்க்க அதுதான் வேண்டும். நிச்சயமாகத் தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள்.

பழைய பதிவேடுகள் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன. அவற்றை நீங்களாக எடுக்க வேண்டாம். சனிக்கிழமை மாலைகளில் மூப்பர் ஒருவர் பக்கத்தில் இருந்து திறந்து காட்டுவார். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். அவற்றில் இன்னும் உயிரோடிருக்கிறவர்களின் செய்திகளும் உண்டு.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் உள்ள மூத்தவரிடம் போய் உட்காருங்கள். "போர் நடந்தபோது என்ன ஆச்சு பாட்டி" என்று மொத்தமாகக் கேட்டால் அவர்களுக்குச் சொல்ல வராது. "உங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? அவர்களில் யார் சயாமுக்குப் போனார்கள்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் பின்னாலேயே நாலு பெயர் வரும். பேசும்போது கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்களிடம் சொல்லிவிட்டு. அழுதால் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் கேட்கலாம். பெயர் நினைவுக்கு வரவில்லை என்றாலும் விட்டுவிட வேண்டாம். "பெரிய பாட்டியின் அண்ணன், சைக்கிள் ரிப்பேர் தெரிந்தவர்" என்று எழுதினாலும் ஒரு பக்கம் அவருக்கு உண்டு. இதுவரை 11 பக்கம் நிரம்பியிருக்கிறது. தேநீர் வேளையில் பின் அறை திறந்திருக்கும். பேனா அந்த மேசையிலேயே கட்டிவைத்திருக்கிறோம்.